மூணாறு குளிருக்கு எஞ்சினைப் போனிலிருந்தே சூடாக்கும் கருவி தேவையா?

மூணாறு பக்கம் செண்டுவரையில் பொக்லைன் ஓட்டும் நண்பர் கேட்கிறார்: கனடாவில் போனிலிருந்தே எஞ்சினைச் சூடாக்குகிறார்களே, ஜனவரிக் காலையில் மக்கர் பண்ணும் என் வண்டிக்கும் அது வேண்டுமா?

அது ஒரு சின்ன பர்னர். வண்டியின் டேங்கிலிருந்தே டீசலை எடுத்து எரித்து, கூலன்ட்டைச் சூடாக்கி, சிறு பம்பால் எஞ்சின் பிளாக்குக்குள் சுற்றவிடும். எஞ்சின் ஓடாது. போனில் ஆன் செய்தால் அந்தக் கட்டளையைக் கருவியிலுள்ள சிம் வாங்கிக்கொள்ளும். ஆள் வந்து சேர்வதற்குள் பிளாக் வெதுவெதுப்பாகிவிடும். மைனஸ் 20, 30 டிகிரியில் ஆயில் பாகு மாதிரி இறுகும், பேட்டரியின் சக்தி பாதியாகிவிடும். அங்கே இது ஆடம்பரம் இல்லை.

மூணாறில் என்னதான் உறைபனி விழுந்தாலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். இதற்குப் போய் அவ்வளவு செலவு எதற்கு? முதலில் பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் குளோ பிளக், அதாவது ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சினின் உள்ளே சூடேற்றும் சின்ன மின்கம்பி. அதன் விளக்கு அணையும்வரை பொறுக்காமல் சாவியைத் திருப்புகிறவர்கள்தான் அதிகம். ஸ்டார்ட் ஆனதும் பக்கெட்டைத் தூக்காதீர்கள். ஹைட்ராலிக் ஆயிலும் குளிர்ந்துதான் கிடக்கும், சில நிமிடம் சும்மா ஓடட்டும். குளோ பிளக் உள்ள எஞ்சினில், சீக்கிரம் ஸ்டார்ட் ஆக அடிக்கும் ஈதர் ஸ்ப்ரே மட்டும் அடிக்கவே கூடாது, உள்ளேயே வெடிக்கலாம்.