தம்பியின் மாத்திரை – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் அண்ணனின் மனநோயைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதை வாசித்த துணிவில் இதை எழுதுகிறேன். என் தம்பிக்கு வயது 27. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவனுக்கு மனச்சிதைவு நோய் என்று சொன்னார்கள். அப்போது அவன் ஒன்பது இரவுகள் தொடர்ந்து தூங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்குள் மைக் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக் கடப்பாரையை எடுத்துவிட்டான். ஓலன்சபின் என்ற மாத்திரை தொடங்கிய பிறகு, அவன் காதில் கேட்ட குரல்கள் நின்றன. மூன்று ஆண்டுகளாக இரவில் 20 மில்லிகிராம் சாப்பிடுகிறான்.

ஆனால் ஒரு நாளில் பதினான்கு மணி நேரம் தூங்குகிறான். 58 கிலோ இருந்தவன் 84 கிலோ ஆகிவிட்டான். சென்ற மாதம் வெறும் வயிற்றில் சர்க்கரை 118 இருந்தது. லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். கண் சொருகுகிறவனை மெஷின் முன்னால் நிறுத்த முடியாது என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அரிப்பிப்ரசோல் என்ற வேறு மருந்துக்கு மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். அம்மா சம்மதிக்கவில்லை. "தூங்குறவன எழுப்பி வம்ப வெலைக்கு வாங்கணுமா?" என்று கேட்கிறார். தம்பியோ, "அக்கா, நான் முழிச்சிருக்கணும்" என்கிறான். நான் யார் பக்கம் பேசுவது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அம்மாவின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல ஆண்டுகள் நானும் அந்தப் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்பது இரவுகள் கடப்பாரையை ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, மகன் அடுத்த அறையில் குறட்டை விட்டுத் தூங்கும் சத்தம் எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிய மாட்டார்கள். அவரோடு வாதாட வேண்டாம். அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மருந்தை மாற்றும்போது நோய் திரும்பும் வாய்ப்பு உண்மையிலேயே உண்டு. அதை யாரும் அவரிடம் மறைக்கக் கூடாது.

ஆனால் அந்த நிம்மதி யாருடையது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் அண்ணனுக்கு 1994-இல் ஹாலோபெரிடால் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். குரல்கள் அடங்கின. ஆனால் உடம்பு கட்டை போல இறுகியது. காலையில் தேநீர் டம்ளரைக் கையில் வாங்கினால் அது உதட்டுக்குப் போவதற்குள் பாதி சட்டையில் சிந்திவிடும். அதனால் அம்மா அரை டம்ளர் மட்டும் ஊற்றிக் கொடுக்கப் பழகினார். நாங்கள் எல்லோரும் அந்த அரை டம்ளருக்குப் பழகினோம். "இப்பல்லாம் ரொம்ப அமைதியா இருக்கான்" என்று உறவினர்களிடம் சொன்னோம். அந்த அமைதி அவருக்கு எப்படி இருக்கிறது என்று ஒன்பது ஆண்டுகளில் ஒருநாளும் நான் கேட்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம் அடங்குவதில்லை. உங்கள் தம்பி கேட்கப்படாமலேயே தன் வாயால் சொல்லிவிட்டார். ஆகவே நீங்கள் பேச வேண்டியது அவர் பக்கம்தான். அம்மாவின் பயத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு பேசுங்கள்.

நான் மருத்துவன் அல்லன். நோயாளியின் வீட்டில் முப்பது ஆண்டுகள் இருந்ததில் தெரிந்துகொண்டதையும், மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் உறுதிசெய்துகொண்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

தூக்கம்தான் மருந்தின் வேலை என்ற எண்ணம் மிகப் பழையது. 1952-இல் பாரிஸின் சேன்ட்-ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து இந்த மருந்துகளின் வரலாறு தொடங்குகிறது. நீண்ட காலம் இவற்றைப் 'பெரிய அமைதியூட்டிகள்' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். குரல்களையும் சந்தேகங்களையும் தணிப்பது முக்கியமாக மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையை மருந்து மட்டுப்படுத்துவதால் நடக்கிறது. தூக்கம் வருவதோ பெரும்பாலும், நம்மை விழித்திருக்கவைக்கும் ஹிஸ்டமின் என்ற இன்னொரு வேதிப்பொருளைத் தடுப்பதால். சளிக்குச் சாப்பிடும் பழைய மாத்திரைகள் சில நம்மைத் தூங்கவைப்பதும் இதனால்தான். ஓலன்சபின் இரண்டையும் செய்கிறது. அரிப்பிப்ரசோல், டோபமின் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் போய் அமர்ந்துகொண்டாலும் அவற்றை முழுவதுமாக அடைத்துவிடுவதில்லை, ஹிஸ்டமினையும் அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே ஒருவர் அதிகம் தூங்குகிறார் என்பதால் அவருடைய நோய் நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது என்று பொருளில்லை. விழித்திருக்கிறார் என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்றும் பொருளில்லை. அம்மாவிடம் இந்த ஒன்றை மட்டும் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன. இந்தத் தூக்கம் முழுவதும் மருந்தால்தானா? 26 கிலோ கூடிய ஒருவர் பலமாகக் குறட்டை விட்டால், தூக்கத்தில் மூச்சு தடைபட்டு, அதனாலேயே பகலெல்லாம் சோர்ந்திருக்கலாம். மனச்சோர்வோ, தைராய்டு குறைவோ, எதிலும் நாட்டமின்றிப் படுத்துக் கிடக்கவைக்கும் இந்த நோயின் இன்னொரு முகமோ காரணமாக இருக்கலாம். அப்படியானால் மாத்திரையை மாற்றினாலும் எதிர்பார்த்த விழிப்பு வராது. அடுத்து, 20 மில்லிகிராம் என்பது ஓலன்சபின் வழக்கமாகக் கொடுக்கப்படும் அளவுகளில் உச்சம். மூன்று ஆண்டுகள் நிலையாக இருப்பவருக்கு அளவைச் சிறிது குறைத்துப் பார்க்கலாமா, மாத்திரையை இரவு பதினொரு மணிக்குச் சாப்பிடுகிறார் என்றால் அதை எட்டு மணிக்கு முன்தள்ளினால் காலை மந்தம் குறையுமா என்று கேளுங்கள். எடைக்கும் சர்க்கரைக்கும் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. ஆனால் அது தூக்கத்தைக் குறைக்காது. சர்க்கரை 118 என்பது நீரிழிவின் வாசலில் நிற்கும் அளவு. ஆகவே எதையும் மாற்றாமல் இப்படியே விட்டுவிடுவதையும் பத்திரமான வழி என்று சொல்ல முடியாது. அம்மா மாற்றத்தில் உள்ள ஆபத்தை மட்டும் எண்ணுகிறார். மாற்றாமல் இருப்பதில் உள்ள ஆபத்து சத்தம் போடுவதில்லை என்பதால் அது அவர் கணக்கில் வரவில்லை.

பக்கவிளைவு என்ற விலையைக் கேட்காத மருந்து இந்த வரிசையில் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் ஏறத்தாழ 1,500 மனச்சிதைவு நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் 2005-இல் வெளிவந்தன. தங்களுக்குக் கொடுக்கப்பட்ட முதல் மருந்தை 18 மாதங்களுக்குள் விட்டுவிட்டவர்கள் 74 சதவீதம். மற்ற மருந்துகளைவிட ஓலன்சபினை அதிக நாட்கள் தொடர்ந்தார்கள். ஆனால் எடையும் சர்க்கரையும் கொழுப்பும் கூடியதால் விட்டவர்களும் அதில்தான் அதிகம். ரிஸ்பெரிடோனில் ப்ரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறி, பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம், ஆண்களுக்குப் பாலுறவு நாட்டம் குறையலாம், சிலருக்கு மார்பில் பால்கூடச் சுரக்கும். இதை நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வேறு மருந்துகள் பலிக்காதவர்களுக்குக் கொடுக்கப்படும் க்ளோசபின் இன்னும் அதிகமாகத் தூங்கவைக்கும். வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று தொடர்ந்து இரத்தப் பரிசோதனையும் வேண்டும். உங்கள் மருத்துவர் சொல்லும் அரிப்பிப்ரசோலில் எடையும் தூக்கமும் பொதுவாகக் குறைவு. அதன் விலை வேறிடத்தில் இருக்கிறது. அதை நான் நேரில் பார்த்தேன்.

2012-இல், ஓலன்சபினில் இருந்த அண்ணனை அரிப்பிப்ரசோலுக்கு மாற்றினார்கள். பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, விடியற்காலை மூன்றரை மணிக்கு ஏதோ சத்தம் கேட்டு எழுந்தேன். அண்ணன் வாசல் கதவிலிருந்து அடுக்களை வரை நடந்துகொண்டிருந்தார். சுவரைத் தொட்டுத் திரும்புவார், மறுபடி நடப்பார். உட்காரச் சொன்னால் உட்காருவார். கால் இரண்டும் தாளம் போடும், அரை நிமிடத்தில் எழுந்துவிடுவார். நோய் திரும்பிவிட்டது என்று அம்மா அழத் தொடங்கினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். காலையில் மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மனசு ஓடுதா, கால் ஓடுதா?" அண்ணன் சற்று யோசித்து, "கால்தான் சார். மனசு சும்மாதான் இருக்கு" என்றார். அகதீசியா என்ற அந்தத் தவிப்பு மருந்தின் பக்கவிளைவு. அளவைக் குறைத்து, ப்ரோப்ரனலால் என்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தார். ஒரு வாரத்தில் நடை நின்றது. நோய் முற்றுகிறது என்று தவறாக எண்ணி அதே மருந்தைக் கூட்டியிருந்தால் தவிப்பும் கூடியிருக்கும். இந்தத் தவிப்பு தாங்க முடியாமல் தற்கொலை எண்ணம் வருபவர்களும் உண்டு என்பதால், கண்டால் அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, பழைய மருந்து விலகும்போது வருவது. மூன்று ஆண்டுகள் ஹிஸ்டமினைத் தடுத்துவந்த மருந்தைச் சட்டென்று எடுத்தால், அடைபட்டிருந்தது திறந்துகொள்வதுபோல் தூக்கம் அறவே போய்விடலாம். குமட்டல், வியர்வை, படபடப்பும் வரலாம். புதிய மருந்தோ இரத்தத்தில் நிலையான அளவை எட்டவே ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பல மருத்துவர்கள் புதியதைத் தொடங்கிவிட்டு, பழையதைப் பல வாரங்களில் படிப்படியாக இறக்குகிறார்கள். பாதி வழியில் எல்லாம் நன்றாக இருக்கிறதே என்று இரண்டையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்துவிடும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். பழைய மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிய தேதிகளை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த வாரங்களில் தம்பி இரண்டு இரவுகள் தூங்காவிட்டால், அம்மாவுக்கு அந்த ஒன்பது இரவுகள்தான் நினைவுக்கு வரும். அதற்கு இப்போதே ஆயத்தமாகுங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நோய் தொடங்கியபோது முதலில் தெரிந்தவை எவை என்று தம்பியையும் உட்காரவைத்துக்கொண்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். சாப்பாட்டை முகர்ந்து பார்த்தாரா, செல்போனை அணைத்து வைத்தாரா, பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்தாரா? தூக்கம் மட்டும் கெட்டு, இவை எதுவும் இல்லாமல், "தூக்கம் வரலியே" என்று அவரே அலுத்துக்கொண்டால், பெரும்பாலும் அது மாற்றத்தின் விளைவு. சில நாட்களுக்கு மருத்துவர் தூக்கத்துக்குத் தனியாக மருந்து தரக்கூடும். தூக்கம் கெட்டதோடு அந்தப் பட்டியலில் உள்ளவையும் தலைகாட்டினால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது. நள்ளிரவில் யாரிடம் கேட்பது என்று திகைத்தால் அரசின் டெலி-மானஸ் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 இருக்கிறது. எந்நேரமும் தமிழில் பேசலாம். இரவுக் காவலை அம்மா ஒருவர் தலையில் வைக்காமல் நீங்களும் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரர் என்பதால் ஒன்று கேட்கிறேன்: தம்பி பீடி, சிகரெட் பிடிப்பவரா? புகையிலைப் புகை ஓலன்சபினைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி செய்கிறது. திடீரென்று புகையை நிறுத்தினால் அதே மாத்திரை இரத்தத்தில் கூடி இன்னும் மந்தமாக்கும். மீண்டும் பிடித்தால் குறையும். இதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம் என்று அவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

நோய் திரும்பினால் யார் பொறுப்பு என்று அம்மா கேட்பார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையைப் பற்றி அறியவும் முடிவெடுக்கவும் நோயாளிக்கு உரிமை தருகிறது. பின்னாளில் நோய் முற்றித் தன்னால் முடிவெடுக்க இயலாமல் போனால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கவும் இடம் தருகிறது. தெளிவாக இருக்கும் இந்த நாட்களில், "நோய் திரும்பினால் எனக்கு ஓலன்சபினே கொடுங்கள், அக்கா சொல்வதைக் கேளுங்கள்" என்று தம்பியே எழுதலாம். அதற்கான முறையை மருத்துவரிடமே கேளுங்கள். மற்றவர்கள் சொல்லும் நூறு சமாதானங்களைவிட மகன் கைப்பட எழுதிய அந்தத் தாள் அம்மாவுக்குத் தைரியம் தரும் என்று நம்புகிறேன்.

மாற்றம் முடிந்தாலும் உடனே லேத்தின் முன் நிற்க வேண்டாம். முதல் சில வாரங்கள் பட்டறையில் கணக்கோ, சாமான் எடுத்துக் கொடுப்பதோ போதும் என்று முதலாளியிடம் பேசிப் பாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நோட்டு தம்பியின் கையில் இருக்கட்டும், முதலில் அவரே பேசட்டும். எனக்கு மறுபடி எழுதுவதானால், முடிந்தால் அவரையும் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.