நர்சிங் சேரப் போகிறேன், கூடவே இ.எம்.டி. பயிற்சியும் எடுக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட நர்சிங் ஆரம்பிக்கிறது, பிற்காலத்தில் ஈ.ஆர். (அவசர சிகிச்சைப் பிரிவு) நர்ஸ் ஆக ஆசை, ஆம்புலன்ஸில் போகிற இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) பயிற்சியையும் சேர்த்தே முடித்தால் உதவுமா, இல்லை பணமும் நேரமும் வீணா?

எடுங்கள், ஆனால் சேர்த்து எடுக்காதீர்கள். ஜூனில் தொடங்கி ஆகஸ்டுக்குள் முடிகிற கோடை வகுப்பு கிடைத்தால் அதில் சேருங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், நர்சிங்கின் முதல் செமஸ்டரோடு மட்டும் கோர்க்க வேண்டாம். நான் இங்கே ஒரு ஈ.ஆரில் ஆர்.என். (லைசென்ஸ் பெற்ற நர்ஸ்), நர்சிங்குக்கு முந்தைய கோடையில்தான் இ.எம்.டி. முடித்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அளவு புரிய வேண்டும். இ.எம்.டி. வகுப்பு ஏறத்தாழ 150 முதல் 190 மணி நேரம். வாரத்தில் இரண்டு மாலை, சனிக்கிழமை முழு நாள் என்று ஒரு செமஸ்டர் ஓடும், இல்லாவிட்டால் கோடையில் நெருக்கிப் போட்டு நடத்துவார்கள். முடித்ததும் இ.எம்.டி.களுக்குச் சான்று தரும் நேஷனல் ரெஜிஸ்ட்ரி என்கிற அமைப்பின் கம்ப்யூட்டர் தேர்வு: 70 முதல் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், நீங்கள் பதில் சொல்வதைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். நர்சிங் முடித்து எழுதும் என்க்லெக்ஸ் என்கிற லைசென்ஸ் தேர்வும் அதே பாணிதான், 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். ஆகவே இந்த மாதிரித் தேர்வு ஒன்றை முன்பே எழுதிப் பார்த்த தைரியம் கிடைக்கும். அது சின்ன லாபம் இல்லை.

இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம். இ.எம்.டி.யில் படித்தது எதுவும் நர்சிங்கில் கழியாது. அனாட்டமி, மைக்ரோபயாலஜி எல்லாவற்றையும் முழுசாகப் படித்தே ஆக வேண்டும். "இரண்டும் ஆஸ்பத்திரி வேலைதானே, ஏன் கிரெடிட் தர மாட்டேன் என்கிறார்கள்" என்று எனக்கும் எரிச்சலாக இருந்தது. இரண்டும் பிறந்த வீடு வேறு என்பதுதான் காரணம். இந்த நாட்டில் முறைப்படியான நர்சிங் பள்ளிகள் 1873-இலேயே தொடங்கிவிட்டன, ஆஸ்பத்திரிக்குள் வளர்ந்தவை, இன்று ஒவ்வொரு மாநிலத்திலும் நர்சிங் போர்டின் கையில் இருப்பவை. ஆம்புலன்ஸ் சேவையோ 1960-கள் வரை பல ஊர்களில் சவ அடக்கம் செய்யும் கடைக்காரர்களின் வண்டியில்தான் ஓடியது (நீட்டிப் படுக்க வைக்க இடம் இருந்த வண்டி அதுதான்!). 1966-இல் சாலை விபத்துச் சாவுகளைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வந்த பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது, அதிலும் பொறுப்பு போனது போக்குவரத்துத் துறைக்கு. இன்றைக்கும் இ.எம்.டி. பாடத்திட்டத்துக்கான தேசியத் தரத்தை வெளியிடுவது நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம்தான். நர்சிங் டீனுக்கு அது வேறு உலகம். சில காலேஜ்கள் அட்மிஷனில் மருத்துவ சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றிரண்டு பாயிண்ட் தருகின்றன, உங்கள் காலேஜின் பட்டியலைப் பாருங்கள். ஆனால் உங்களுக்கு சீட் ஏற்கனவே கிடைத்துவிட்டதே, அதனால் அந்தக் கணக்கும் முடிந்தது.

அப்புறம் எதற்கு எடுக்கச் சொல்கிறேன்? முன்பின் தெரியாத மனிதரைத் தொடுவதற்கு. நம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் நன்றாகப் படிப்பார்கள், கெமிஸ்ட்ரியில் ஏ வாங்குவார்கள், ஆனால் முதல் கிளினிக்கலில் (ஆஸ்பத்திரியில் நடக்கும் நேரடிப் பயிற்சியில்) ஒரு எண்பது வயதுக்காரரின் சட்டையைக் கழற்றச் சொன்னால் உறைந்துபோய் நிற்பார்கள். இ.எம்.டி.யில் அந்தக் கூச்சம் சீக்கிரம் போய்விடும். ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து, பெயரைச் சொல்லி, மருந்து டப்பாக்கள் எங்கே என்று கேட்டு, எப்போது வலி ஆரம்பித்தது, எங்கே பரவுகிறது, கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே நாடி பிடிக்க வேண்டும். ஓடுகிற வண்டியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கையால் பம்ப் அடித்து பி.பி. எடுத்துப் பழகிவிட்டால், வார்டில் அமைதியான அறையில் எடுப்பது ஒன்றுமே இல்லை. நம்மூர்க்காரர்கள் நிறைய இருக்கிற எடிசன், பிஸ்கட்டவே டவுன்கள் பக்கமென்றால் ஊரிலிருந்து வந்திருக்கிற அம்மா அப்பாக்களையும் பார்க்க நேரும். ஆம்புலன்ஸ் பில்லை நினைத்துப் பயந்து நெஞ்சு வலியை "வாயுதான்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாமாவிடம் தமிழில் இரண்டு வார்த்தை பேசினால் என்ன நடக்கிறது என்று நீங்களே பாருங்கள். அதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

சரி, அப்படியானால் ஏன் ஒரே நேரத்தில் வேண்டாம்? நேரம் ஒரு காரணம். நர்சிங்கில் பல காலேஜ்களில் 75-க்கு மேல் எடுத்தால்தான் பாஸ், மருந்து அளவுக் கணக்குத் தேர்வில் 90 கேட்பார்கள், இரண்டு பாடத்தில் தவறினால் பல இடங்களில் வெளியே அனுப்பிவிடுவார்கள். கிளினிக்கல் நாளில் காலை ஏழு மணிக்கு முன் யூனிஃபார்மோடு நிற்க வேண்டும், முந்தைய இரவு முழுக்க நோயாளியின் மருந்துகளைப் படித்திருக்க வேண்டும். என் பேட்ச்சில் ஒருவர் இரவில் தனியார் ஆம்புலன்ஸில் வேலை பார்த்துக்கொண்டே படித்தார், நல்ல மூளைக்காரர், இரண்டாவது செமஸ்டரில் பார்மகாலஜியில் விழுந்து ஒரு வருடம் பின்தங்கினார்.

ஆனால் எனக்கு நேரத்தைவிடப் பெரிய காரணம் மண்டைக்குள் நடக்கிற குழப்பம். இ.எம்.டி. உங்களைப் பழக்குவது குறைந்த நேரத்துக்கு. இடம் பாதுகாப்பா, மூச்சு வருகிறதா, ரத்தம் கொட்டுகிறதா, ஆக்சிஜன் வை, வண்டியில் ஏற்று, கிளம்பு. கையில் இருக்கிற மருந்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்: ஆக்சிஜன், நெஞ்சு வலிக்கு மென்று சாப்பிடும் ஆஸ்பிரின், வாயில் தரும் குளுக்கோஸ், அலர்ஜிக்கு எபினெஃப்ரின் ஊசி, போதை மருந்து அதிகமானவருக்கு மூக்கில் அடிக்கும் நலாக்ஸோன், இன்னும் ஒன்றிரண்டு. பெரும்பாலும் எல்லாக் கேள்விக்கும் கடைசிப் பதில் "சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்பதே. நர்சிங்கில் அந்த ஆஸ்பத்திரியே நீங்கள்தான், எங்கேயும் கொண்டு போக முடியாது. டிஜாக்சின் என்கிற இதய மருந்தைக் கொடுக்கும் முன் ஒரு முழு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும், 60-க்குக் கீழே என்றால் நிறுத்திவைத்து டாக்டருக்குச் சொல்ல வேண்டும், கூடவே நீர் போகும் மாத்திரை சாப்பிடுகிறாரா, பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், கொடுத்த பிறகு என்ன ஆனது என்று எழுத வேண்டும், வீட்டுக்கு அனுப்பும்போது எதைச் சாப்பிடலாம் என்று சொல்லித்தர வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் அந்த மனிதரோடு இருக்கிற யோசனை இது. இரண்டு யோசனையும் தேவைதான், ஒன்று பழகிய பிறகு மற்றது வந்தால் சேர்ந்துகொள்ளும். இரண்டையும் ஒரே மாதத்தில் புதிதாகக் கற்றால் பரிட்சைத் தாளில் எந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பதில் எழுதுவது என்று தடுமாறுவீர்கள். "முதலில் எந்த நோயாளியைப் பார்ப்பீர்கள்" என்கிற வகைக் கேள்விகளில் மட்டும் இ.எம்.டி. படித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன்.

வேலை விஷயம். சான்றிதழ் வந்ததும் ஈ.ஆர். டெக் (நர்ஸ்களுக்கு உதவும் டெக்னீஷியன்) வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஈ.சி.ஜி. எடுப்பது, கட்டுப் போடுவது, சி.பி.ஆரில் மாறி மாறி நெஞ்சை அழுத்துவது, நோயாளியைத் தள்ளிக்கொண்டு சி.டி. ஸ்கேனுக்குப் போவது என்று நாள் ஓடும். ஈ.ஆர். நர்ஸ் ஆக வேண்டும் என்றால் இதைவிட நல்ல வாசல் இல்லை, படிப்பு முடிந்ததும் மேனேஜருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. நர்சிங் வகுப்பில் ஊசி போட, மருந்து கொடுக்கக் கற்றிருப்பீர்கள், ஆளில்லாத ஒரு இரவில் யாராவது "நீதான் நர்சிங் ஸ்டூடண்ட் ஆச்சே, இந்த ஐ.வி. மருந்தை மட்டும் நரம்பில் ஏற்றிவிடேன்" என்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். டெக் பேட்ஜ் போட்டிருக்கும்போது டெக்குக்கு அனுமதித்த வேலை மட்டும்தான், மாணவராகக் கற்றது இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான். நாளைக்கு லைசென்ஸ் கேட்டு நர்சிங் போர்டிடம் போகப் போவது நீங்கள்தானே.

உங்களுக்கு ஈ.ஆர். மேல் அவ்வளவு பிடிப்பு இல்லை, பிரசவ வார்டோ ஐ.சி.யூ.வோ போதும் என்றால், இ.எம்.டி.யை விட நர்சிங் அசிஸ்டெண்ட் வேலைதான் நல்லது, நர்ஸ்கள் பக்கத்திலேயே நாள் முழுக்க இருக்கலாம். பணத்துக்காக இ.எம்.டி. என்றால் அதையும் மறந்துவிடுங்கள். 2023-இல் அரசாங்கத் தொழிலாளர் புள்ளிவிவரப்படி இ.எம்.டி.யின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 38,930 டாலர், ஆர்.என்.னுக்கு 86,070 டாலர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது!

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. நியூ ஜெர்சியில் பல ஊர்களில் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஸ்குவாடுகள் இருக்கின்றன. அதில் உறுப்பினராகச் சேர்ந்தால் பயிற்சிக் கட்டணத்துக்கு மாநிலத்தின் பயிற்சி நிதியிலிருந்து உதவி கிடைக்கும். இப்போதே உங்கள் டவுன்ஷிப் ஸ்குவாடைக் கேளுங்கள், கோடை வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும். வீட்டில் "டிகிரி படிக்கப் போற பொண்ணு ஆம்புலன்ஸ்ல போகணுமா" என்று கேட்டால், தமிழ்நாட்டில் 2008-இல் வந்த 108-ஐச் சொல்லுங்கள். அங்கே வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கிற மருத்துவ உதவியாளர்களில் பலர் நர்சிங்கோ உயிரியல் பட்டமோ முடித்துவிட்டு வந்தவர்கள்தான்.

நீங்கள் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான விசா) இருந்தால் ஒரு எச்சரிக்கை. படிக்கலாம், ஆனால் பிள்ளைகளாக எச்-4-இல் இருப்பவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, அப்போது ஈ.ஆர். டெக் கனவு கிடையாது. தன்னார்வமாகச் செய்வதாக இருந்தாலும் காலேஜின் சர்வதேச மாணவர் அலுவலகத்தையோ ஒரு வக்கீலையோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆர்.என். ஆன பிறகு இ.எம்.டி.யை வைத்துக்கொள்ள வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நேஷனல் ரெஜிஸ்ட்ரிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 40 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும். பிற்காலத்தில் ஹெலிகாப்டரில் போகிற ஃப்ளைட் நர்ஸ் வேலையோ, பென்சில்வேனியாவில் இருக்கிற மாதிரி ஆம்புலன்ஸிலேயே வேலை செய்கிற ப்ரீ-ஹாஸ்பிடல் ஆர்.என். பதவியோ மனதில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். வார்டிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் காலாவதியாகட்டும், யாரும் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு காரியம், இந்த வாரமே செய்யலாம். இ.எம்.டி., நர்சிங் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே காகிதங்கள்தான் கேட்பார்கள்: ஹெபடைடிஸ் பி, எம்.எம்.ஆர்., சின்னம்மை தடுப்பூசி விவரம், டி.பி. பரிசோதனை, போலீஸ் பின்னணிச் சோதனை, அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) கார்டு. அந்தக் கார்டு இரண்டு வருடம் செல்லும், மருத்துவப் பணியாளர்களுக்கான வகுப்பில் எடுத்தால்தான் ஏற்பார்கள், பொதுமக்களுக்கான சி.பி.ஆர். கார்டைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரில் போட்ட தடுப்பூசிக்குச் சீட்டு இல்லையென்றால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் டைட்டர் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டியிருக்கும், ஹெபடைடிஸ் பி முதலிலிருந்து போட வேண்டி வந்தால் பழைய மூன்று டோஸ் முறையில் ஆறு மாதம் ஆகும், அதனால் அதை முதலில் பார்த்துவிடுங்கள்.