ஃபிட்ஸ் வந்தால் குளுக்கோஸ் கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு ஒன்பது வயது. ஃபிட்ஸுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். வலிப்பு நின்றதும் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிடுகிறான். மூளையில் சக்தி தீர்ந்துபோவதால்தான் வலிப்பு வருகிறது, உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடு என்கிறார் ஓர் உறவினர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முழு நினைவு திரும்பாத பிள்ளையின் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போகலாம், வெறும் தண்ணீராக இருந்தாலும் சரி. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், உறவினர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, ஆனால் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். மூளை உடல் எடையில் வெறும் 2 சதவீதம்தான்; நாம் சும்மா படுத்திருக்கும்போதுகூட உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. இவ்வளவும் யோசிப்பதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். நரம்பணு ஒவ்வொரு முறை மின்துடிப்பு அனுப்பும்போதும் சோடியம் உள்ளே நுழைகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதுபோல, சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்புகள் ஓயாமல் ஓட வேண்டும், மூளையின் செலவில் பெரும்பங்கு அதற்குத்தான். பம்பு ஓடத் தேவையான ஏடிபி, அதாவது செல்லுக்குள் சக்தியைச் சுமக்கும் பொருள், பெரும்பாலும் குளுக்கோஸிலிருந்து வருகிறது. மூளையில் கையிருப்பு மிகச் சொற்பம், ரத்தம் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு.

வலிப்பின்போது லட்சக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் துடிக்கின்றன. பம்புகளுக்கு வேலை எகிறுகிறது, அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டமும் குளுக்கோஸ் செலவும் பல மடங்கு ஏறலாம், அப்படியும் போதாமல், குளுக்கோஸ் அரைகுறையாகச் சிதையும்போது வரும் லாக்டேட் சேர்கிறது. ஆக, பெரும்பாலானவர்களுக்கு வலிப்புதான் சக்தியைத் தீர்க்கிறது, சக்தி தீர்ந்ததால் வலிப்பு வருவதில்லை. ஏடிபி சிதையும்போது அடினோசின் என்ற பொருள் குவியும், அது நரம்பணுக்களை அடக்கும். வலிப்பு தானாக நிற்பதற்கு அது ஒரு காரணம், பிறகு வரும் தூக்கத்திலும் அதற்குப் பங்கு உண்டு. பையன் தூங்கட்டும், மூச்சு சீராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே சர்க்கரை குறைந்து வலிப்பு வருவதும் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், பிறந்த குழந்தைகள் இவர்களுக்கு வரலாம், அதனால்தான் ஆஸ்பத்திரியில் முதலில் விரல் நுனியில் குத்தி ரத்த சர்க்கரையைப் பார்க்கிறார்கள். உங்கள் மகனுக்கு ரத்த சர்க்கரை சரியாக இருக்கிறது என்றால், மேலே சேர்க்கும் சர்க்கரையால் எந்த லாபமும் இல்லை.

கேள்வி: என் மகளுக்கு மூன்று மருந்து கொடுத்தும் ஃபிட்ஸ் நிற்கவில்லை. கீட்டோ டயட்டில் நிற்குமாமே, வீடியோக்களில் சொல்கிறார்கள். மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும் என்கிறீர்கள், அவர்கள் சர்க்கரையே கூடாது என்கிறார்கள். வீட்டிலேயே ஆரம்பிக்கலாமா?

பதில்: வீட்டிலேயே ஆரம்பிக்காதீர்கள், ஆனால் உங்கள் நரம்பியல் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது, பொருத்தமான இரண்டு மருந்துகள் சரியான அளவில் பலிக்காதபோதே இதை யோசிப்பது வழக்கம்.

கீட்டோ என்பது கொழுப்பை மிக அதிகமாகவும் மாவுச்சத்தை மிகக் குறைவாகவும் வைக்கும் உணவு முறை; இது வீடியோக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. பட்டினி கிடந்தால் சிலருக்கு வலிப்பு குறைகிறது என்பது வெகு காலமாகத் தெரியும். பட்டினி போடாமலே உடலைப் பட்டினி நிலைக்குக் கொண்டுபோகலாமே என்று 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் இந்த உணவை முன்வைத்தார். 1938இல் ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்து வந்ததும், மாத்திரை எளிது என்பதால், இது ஓரம்கட்டப்பட்டது. 2008இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், மருந்துக்கு மசியாத குழந்தைகளில் மூன்று மாதத்தில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. உணவை மாற்றாதவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான். நல்ல பலன், ஆனால் எல்லோருக்கும் இல்லை.

மாவுச்சத்தைக் குறைத்தால் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் தயாரிக்கும், மூளை அதையும் எரிபொருளாக எடுத்துக்கொள்ளும், பம்புகளுக்கு அதுவும் போதும். அதுமட்டுமா என்றால், இல்லை. சில வகைக் கொழுப்பு உணவில் வரும் டெகனாயிக் அமிலம் நரம்பணுக்களைத் தூண்டும் ஏற்பிகளையே (செல்லின் மேல் சமிக்ஞையை வாங்கும் புரதங்களை) அடக்குகிறது. இப்படிப் பல வழிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. குளுட்-1 குறைபாடு என்று ஓர் அபூர்வ நோய் உண்டு: ரத்தத்தில் குளுக்கோஸ் இருக்கும், மூளைக்குள் போகாது, தண்டுவட நீரில் அளந்தால் குறைந்திருக்கும். அவர்களுக்குக் கீட்டோ உணவுதான் முதல் சிகிச்சை.

வீட்டில் ஏன் கூடாது? கொழுப்பை எரிக்க முடியாத பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இதைத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து, முதலில் ரத்தப் பரிசோதனையில் அதைத் தேடுவார்கள். பழைய முறையில் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம், தராசில் நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கல், மலச்சிக்கல், வளர்ச்சி மந்தம் வரலாம். இருமல் சிரப்பில் உள்ள சர்க்கரைகூட கீட்டோன் அளவைக் கெடுக்கும். வேறு எதற்காவது ஆஸ்பத்திரியில் சேர்த்தால், டிரிப்ஸ் ஏற்றும் முன் "இவள் கீட்டோ உணவில் இருக்கிறாள்" என்று நீங்கள்தான் முந்திச் சொல்ல வேண்டும், யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு சக்தி தரும் மாத்திரை என்று விற்கிறார்களே, ஃபிட்ஸுக்கு நல்லதா?

பதில்: பொதுவாக இல்லை. பி6 வைட்டமின் கொடுத்தால் மட்டுமே அடங்கும் ஒரு பிறவி வலிப்பு உண்டு, அது பெரும்பாலும் பச்சிளம் பருவத்திலேயே வெளிப்படும். மைட்டோகாண்ட்ரியா நோய் என்று சந்தேகம் இருந்தால் கடை மாத்திரையை விட்டுவிட்டு மரபணு பரிசோதனை பற்றிக் கேளுங்கள், ஏனென்றால் பிஓஎல்ஜி மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்தால் கல்லீரல் செயலிழக்கலாம். இதைப் படித்துவிட்டு வால்ப்ரோயேட்டைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், மருந்தைத் திடீரென நிறுத்தினாலும் கடும் வலிப்பு வரலாம்.