நினைவிழந்தவருக்குப் பக்கவாதமா? ஆம்புலன்ஸிலேயே அறிய முடியுமா?

கேள்வி: எழுபது வயதான என் மாமனாருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. அண்மையில் ஒருநாள் காலையில் படுக்கையில் நினைவின்றிக் கிடந்தார். 108 ஆம்புலன்ஸில் வந்தவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்; இமையைத் திறந்து டார்ச் அடித்தார்; கைகளைத் தூக்கி விட்டார். 'பக்கவாதமாக இருக்கலாம்' என்று கூறி, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். பேச்சுமூச்சற்றவரிடம் இதை எப்படிக் கண்டறிந்தார்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சிரிக்கச் சொல்வது, கைகளை நீட்டச் சொல்வது, பேசச் சொல்வது ஆகிய வழக்கமான சோதனைகள் நோயாளி விழித்திருந்தால்தான் பயன்படும். நினைவிழந்தவரிடம் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் தேட வேண்டும்.

சுவாசத்தைக் கவனித்தவுடன் சர்க்கரை பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அது மிகவும் தாழ்ந்தால் ஒரு பக்கக் கைகால் செயலிழந்து, பார்ப்பதற்குப் பக்கவாதம் போலவே தோன்றலாம். வலிப்பு ஓய்ந்த பின்னரும் சில மணி நேரம் அவ்வாறு தளர்ந்திருக்கக்கூடும் என்பதால், நாக்கு கடிபட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

இரு கைகளையும் தூக்கி விட்டால், செயலிழந்த கை மற்றதைவிட வேகமாகத் தொப்பென்று விழும். அந்தப் பக்கத்துப் பாதம் வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கும். மூச்சு விடும்போது அந்தக் கன்னம் மட்டும் உப்பி அடங்குவதையும் காணலாம். பெருமூளையின் ஒரு பாதி பெரிதாகப் பாதிக்கப்பட்டால், இரு கண்களும் பாதிப்புள்ள பக்கமாகவே, அதாவது செயலிழந்த கைக்கு எதிர்ப்புறமாகத் திரும்பி நிற்கும். ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் இருந்தால், மண்டைக்குள் அழுத்தம் ஏறி மூளை நெருக்கப்படுகிறது என்று அஞ்ச வேண்டும். இரண்டு பாவைகளும் ஊசிமுனையளவு சுருங்கியிருந்தால் மூளைத்தண்டு ரத்தக்கசிவை நினைக்கலாம். ஆனால் பூச்சிமருந்து குடித்தவருக்கும் அப்படியே இருக்கும், நம் ஊர்ப்பக்கம் இதை மறக்கவே கூடாது.

ரத்த அழுத்தமும் துப்புக் கொடுக்கும். நினைவு மங்கியவர்களை ஆராய்ந்து ஜப்பானிய மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மேல் அளவு 170க்கு மேல் இருந்தவர்களிடம் மூளைப் பாதிப்பு மிகுதியாகவும், 90க்குக் கீழ் இருந்தவர்களிடம் மிக அரிதாகவும் காணப்பட்டது.

இவை அனைத்தும் ஐயத்தை வலுப்படுத்துமே தவிர, அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். ஆகவே வீட்டில் ஆஸ்பிரினோ, தண்ணீரோ, சர்க்கரைக் கரைசலோ வாயில் கொடுக்காமல், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கீழே விழுந்து அடிபட்டிருந்தால் மட்டும் கழுத்தை அசைக்காமல் உதவிக்குக் காத்திருங்கள்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, நோயாளியை நலமாகக் கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. எனவே காலையில் கண்ட நேரத்தை மட்டும் சொல்லாமல், இரவு எத்தனை மணிவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார் என்பதையும், ரத்தம் உறையாமலிருக்க ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் ஆம்புலன்ஸ் ஊழியரிடமே சொல்லிவிடுங்கள்.