மாரியில் நீர் தேங்கும் முற்றத்தில் புல் பதிக்கலாமா?

கைதடியில் வயல்வெளியை அண்டிய காணியொன்றில் புதிதாக வீடு கட்டியுள்ள வாசகி ஒருவர் எழுதிய கேள்வி இது. அவருடைய முன்முற்றம் ஏறத்தாழ அரைப் பரப்பு, அதாவது 1,360 சதுர அடி. கார்த்திகை, மார்கழி மாதங்களில் மழை விட்ட பின்னரும் ஐந்தாறு நாட்களுக்குக் கணுக்காலளவு நீர் நிற்கிறது; பங்குனி பிறந்தால் அதே நிலம் வெடித்துப் பிளக்கிறது. கனடாவிலிருந்து மார்கழி விடுமுறைக்கு வரும் அண்ணனின் பிள்ளைகள் விளையாடுவதற்காக அதற்கு முன் புல் பதித்துவிட விரும்புகிறார். செடி விற்பவர் ஒருவர், ஒரு கியூப் மணலைப் பரப்பி அதன்மேல் பாளம் பாளமாகப் புல்லைப் பதித்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்யலாமா?

இந்த மார்கழிக்குள் செய்ய வேண்டாம் என்பதே என் பதில். புதிதாகப் பதித்த புல் கீழ்மண்ணில் வேர் பிடிக்க இரண்டு மூன்று வாரங்களாவது வேண்டும். அதற்குள் அதன்மேல் நாட்கணக்கில் நீர் நின்றால், வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் பாளங்கள் அடியிலிருந்தே அழுகிவிடும். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் பெய்கிறது என்பதால், உங்கள் திட்டம் ஆண்டின் மிகப் பொருத்தமற்ற காலத்தில் வந்து விழுகிறது. ஆனால் ‘இந்த ஆண்டு வேண்டாம்’ என்பதற்கும் ‘ஒருபோதும் வேண்டாம்’ என்பதற்கும் இடையில் தீர்மானிக்க வேண்டியவை பல உள்ளன. அவற்றைத் தீர்மானிப்பதற்கு வரப்போகும் மாரியே உங்களுக்கு உதவும்.

மணல் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஒரு கியூப் என்பது 100 கன அடி; உங்கள் முற்றமோ ஏறத்தாழ 1,360 சதுர அடி. பரப்பிப் பார்த்தால் ஓர் அங்குல உயரம்கூட வராது. அதைக் களிமண்ணோடு கிளறிக் கலந்தாலும் பயனில்லை, ஏனெனில் களியின் நுண்துகள்கள் மணலின் இடைவெளிகளை அடைத்துக்கொள்ள, காய்ந்த பின் முன்னிலும் இறுகிய நிலமே மிஞ்சும். மணலால் களியைத் திருத்துவதென்றால் மண்ணின் பாதிக்கு மேல் மணலாக வேண்டும். அந்தச் செலவில் வேறு எத்தனையோ செய்யலாம்.

நீர் ஏன் நிற்கிறது என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கட்டட வேலையின்போது லொறி ஏறி, சீமெந்துக் கலவை கொட்டி, மேல்மண் இறுகிப்போயிருக்கலாம். இறுக்கம் மேலோடு நில்லாமல் அடிமண்ணே கனத்த களியாக இருக்கலாம். அல்லது மண்ணில் குறையேதுமின்றி, மாரியில் நிலத்தடி நீர் உயர்ந்து கிட்டத்தட்ட மேற்பரப்பையே தொட்டிருக்கலாம். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்பாட்டு (செம்மண்) நிலத்தில் நீர் தேங்கினால் பெரும்பாலும் முதற்காரணத்தையே சந்தேகிக்கலாம். அந்த மண் இயல்பாகவே நீரை விரைந்து உள்ளே விடுவது. உங்களுடையது வயலோரம் என்பதால் மற்ற இரண்டையும் சோதித்தே ஆக வேண்டும்.

சோதனை எளிது. முதல் மழைகள் பெய்து மண்ணின் வெடிப்புகள் மூடிய பின், ஓரடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட கிடங்கொன்றை, முற்றத்தின் தாழ்ந்த இடத்திலும் உயர்ந்த இடத்திலும் வெட்டுங்கள். ஆவணியில் வெட்டினால் வெடிப்புகள் வழியே நீர் ஓடி மறைந்து, நிலம் நன்றாக வடிகிறது என்ற பொய்யான நம்பிக்கையே கிடைக்கும். வெட்டும்போது அலவாங்கு எந்த ஆழத்தில் முட்டுகிறது என்று கவனியுங்கள். எட்டு அங்குலத்தில் கெட்டியான தட்டு ஒன்று வந்து, அதற்குக் கீழே மண் மீண்டும் இளகினால் குற்றம் லொறியுடையது. சாம்பல் நிற மண்ணில் துருநிறப் புள்ளிகள் தெரிந்தால், அல்லது கூழ்முட்டை மணம் எழுந்தால், அந்த ஆழத்தில் ஆண்டுதோறும் நெடுநாள் நீர் நிற்கிறது என்று பொருள். பிறகு கிடங்கை ஒருமுறை நிரப்பி வடிய விட்டு, மீண்டும் நிரப்பி, தடியொன்றில் அடையாளமிட்டு அளவெடுங்கள். மணிக்கு ஓர் அங்குலமளவில் இறங்கினால் புல்லுக்குப் போதும். அரை அங்குலத்துக்கும் குறைவென்றால் வடிகால் வசதியில்லாமல் புல் நிலைக்காது. நீங்கள் ஊற்றாமலே கிடங்கில் நீர் ஊறி வந்தால், அது நிலத்தடி நீர். அன்றே கிணற்றின் நீர்மட்டத்தையும் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றால் ஐயமே இல்லை.

இன்னொரு சோதனையையும் வலியுறுத்துவேன், ஏனெனில் கடனீரேரிக்கு அண்மையான மண்ணில் உவர் கலந்திருக்கக்கூடும். கடலைப்பருப்பளவு காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் உள்ள மழைநீரில் மெதுவாக இட்டு, அசைக்காமல் சில மணி நேரம் விடுங்கள். கட்டி உதிர்ந்து அடியில் படிந்து, நீர் தெளிவாகவே இருந்தால் பிரச்சினை இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் நீர் கலங்கினால், மண்ணில் சோடியம் மிகுந்துள்ளது. அத்தகைய மண்ணுக்கே கல்சியம் அடங்கிய ஜிப்சம் உதவும், அதுவும் மழைநீர் சோடியத்தைக் கழுவிக் கீழே கொண்டுசெல்ல வழியிருந்தால் மட்டும். கிணற்று நீரில் இதைச் செய்யாதீர்கள். சுண்ணாம்புப் பாறையில் ஊறிய நம் நீரிலுள்ள கல்சியம் அந்தக் கலங்கலைத் தடுத்து உண்மையை மறைத்துவிடும். எல்லாக் களிமண்ணுக்கும் ஜிப்சம் போடுமாறு விற்பவர்கள் சொல்வதுண்டு. குவளையைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இறுக்கம் மட்டுமே காரணமென்றால் மகிழ்ச்சி. மண் ஈரப்பதமாக, ஆனால் கையில் ஒட்டாத நிலையில் இருக்கும்போது அலவாங்காலோ தோட்ட முட்கரண்டியாலோ அந்தத் தட்டை உடைத்து, நன்றாக மக்கிய எருவை மேல் ஆறு அங்குலத்தில் கலந்துவிடலாம். தோட்டங்களில் பச்சை இலைகளை மண்ணில் புதைத்துக் குழை தாழ்ப்பது போல் இங்கும் செய்யலாமே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். காற்றோட்டமுள்ள செம்பாட்டுக்கு அது அருமையான முறை, நீர் நிற்கும் களியிலோ பச்சைக்குழை அழுகி வேருக்கு எஞ்சிய காற்றையும் பறித்துவிடும்.

களியோ நிலத்தடி நீரோ காரணமென்றால், துளையிட்ட பிவிசி குழாயைச் சல்லிக்குள் புதைத்து நீரை வடிக்கும் யோசனை எழும். அக்குழாய்க்கு 100 அடிக்கு ஓரடி சரிவு வேண்டும். 60 அடி நீள முற்றத்தில் ஏழு அங்குலம் தாழ்வு. அதன் வாய் திறக்கும் இடம் அதைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிவான குழாயைக் கொண்டு இதை அரை மணி நேரத்தில் அறியலாம். பக்கத்து வயலிலும் அதே மட்டத்தில் நீர் நிற்கும் மார்கழியில், உங்கள் குழாய் வயல்நீரை முற்றத்துக்குக் கொண்டுவரும் வாய்க்காலாகவே மாறிவிடும். வீதியோர வாய்க்காலில் திறப்பதென்றால் பிரதேச சபையிடம் கேட்க வேண்டும். கிணற்றடியில் ஒருபோதும் திறக்கக் கூடாது: நம் சுண்ணாம்புப் பாறை வெடிப்பும் பொந்துமானது, முற்றத்தில் போட்ட பசளையும் நாய்ப்பீயும் வடிகட்டப்படாமலே கிணற்றுக்குள் சென்றுவிடும். குடாநாட்டுக் கிணறுகளில் பசளையாலும் கழிவாலும் சேரும் நைத்திரேற்று பற்றி ஏற்கெனவே போதுமான அளவு பேசப்பட்டுவிட்டது.

எதற்கும் முன்பாக, கூரை நீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 150 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 15,000 லீற்றர் நீர் இறங்குகிறது. அது முழுவதும் பீலி வழியே முன்முற்றத்தில் கொட்டினால் எந்த மண்தான் தாங்கும்? அதைத் தொட்டிக்கோ பின்வளவுக்கோ திருப்பினாலே ஐந்து நாள் தேக்கம் இரண்டு நாளாகக் குறையக்கூடும்.

அதன் பிறகும் நீர் நின்றால், முற்றம் முழுவதையும் புல்லாக்கும் எண்ணத்தைக் கைவிடுமாறு சொல்வேன். வீட்டுக்கு அருகில் 500 சதுர அடியை மட்டும் ஓரடி உயர்த்துங்கள். ஐந்து கியூப் மண், அமர்ந்துபோவதைக் கணக்கிட்டால் ஆறு கியூப். உயர்த்திய மட்டம், நில ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்க இட்ட ஈரத்தடைப் படையைவிட ஆறு அங்குலமாவது கீழே நிற்கட்டும். முழு முற்றத்தையும் உயர்த்தினால் உங்கள் நீர் அயலவர் வளவுக்குப் போகும். மதிற்சண்டைகள் பல இப்படித்தான் தொடங்கியுள்ளன. காணி உறுதியில் வயல் என்று குறிப்பிடப்பட்டிருந்தால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி நிரப்பவே முடியாது. முதலில் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள்.

உயர்த்திய பகுதியில் அறுகம்புல் இனங்கள் நன்றாக வரும். வெயிலும் ஓரளவு உவரும் தாங்கும். அகல இலைக் கம்பளப் புல் நிழலையும் ஈரத்தையும் விரும்பினாலும் உவருக்கு ஆகாது. தை பிற்பகுதியில், நீர் வற்றிய பின் பதியுங்கள். கோடையில் 100 சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 500 லீற்றர் நீர் வேண்டியிருக்கும் என்பதை, ஆவணியில் உங்கள் கிணறு எவ்வளவு இறங்குகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்த பின் பரப்பளவை முடிவு செய்யுங்கள். மாரி மழையே நம் கிணறுகளின் ஒரே வருமானம் ஆகையால், தாழ்ந்த பகுதியில் சில நாள் நின்று மெல்ல ஊறும் நீரை நான் எதிரியாகக் கருதவில்லை. அங்கே பொடுதலையைப் படரவிடலாம். நீரும் உவரும் மிதியும் தாங்கும், வெட்டினால் தாழ்ந்தே வளரும். உவர் இல்லையென்றால் ஓரத்தில் வல்லாரை நடலாம், சம்பலுக்கும் ஆகும்.

புல் வெட்டும் இயந்திரத்தை ஈரக் களியில் ஓட்டினால் உடைத்த தட்டு மீண்டும் இறுகும். குதிக்காலை அழுத்தி எடுத்த தடத்தில் நீர் ஊறுமானால் அன்று வெட்ட வேண்டாம். அடுத்த நாளும் அதேபோல் அழுத்திப் பார்த்து, நீர் ஊறாவிட்டால் மட்டும் வெட்டுங்கள்.