பதில்: வட்டக் கட்டடத்தில் இருட்டும், தீ விபத்தில் தப்பும் வழியும்

சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் யோங்டிங் பக்கம், தூலோ (பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் பழைய மண்சுவர்க் கட்டடம்) பாணியில் ஊர்ப் பொதுக்கட்டடம் ஒன்று திட்டமிடுகிறீர்கள்: மூன்று மாடி வளையம், ஒரே வாசல், முற்றத்துக்கு மேல் கண்ணாடிக் கூரை. அறைகள் இருட்டு, தீப்பிடித்தால் தப்பும் வழியும் போதவில்லை என்கிறீர்கள். முதலில் அந்தக் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். தூலோவுக்கு வெளிச்சமும் காற்றும் முற்றம் வழியாகத்தான் வருகின்றன. அதை மூடினால் ஃபூஜியான் கோடையில் உள்ளே புழுங்கித் தள்ளும். நீண்ட கூரை இறவாரத்தை மட்டும் கைவிடாதீர்கள். இடித்து இறுக்கிய மண்சுவரை மழையிலிருந்து காப்பதே அதுதான்.

பழைய தூலோக்களின் கீழ்த்தளங்களில் வெளிப்பக்கம் ஜன்னல் இல்லாததும் ஒற்றை வாசலும் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து வந்தவை. உங்களுக்கு அந்தப் பயம் எதற்கு? பெரிய வாசல் ஒன்று இருக்கட்டும், எதிர்ப்பக்கங்களில் படிக்கட்டோடு சாதாரண வெளிவழிகள் வையுங்கள்.

வட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உள் ஒழுங்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கீழிருந்து மேல்வரை ஒரு செங்குத்துத் துண்டு: தரையில் சமையல், அடுத்த மாடியில் தானியம், அதற்கு மேலே படுக்கை. நடுவில் எல்லோருக்கும் பொதுவான முன்னோர் மண்டபம். 1709இல் முடிந்த செங்சி லோ என்ற யோங்டிங் தூலோ அப்படித்தான். நீங்களும் சமையல்கூடம், முதியோர் அறை, நூலகம் எல்லாவற்றையும் முற்றம் பார்த்த தரைத்தளத்தில் வையுங்கள்.

நவீன உதாரணம் வேண்டுமென்றால், குவாங்டாங்கின் நன்ஹாயில் அர்பனஸ் என்ற கட்டடக்கலை நிறுவனம் 2008இல் முடித்த வட்ட வாடகைக் குடியிருப்பின் வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். முழு வட்டம் ஒத்துவரவில்லையா? குவாங்டாங்கின் மெய்ஸோ பகுதியில் ஹக்கா என்ற சீன இனக்குழுவின் வீடுகளில் பின்னால் அரைவட்டம், முன்னால் குளம். சின்ன மனைக்கு அதுவே தோது.