டெட்லிஃப்ட் செய்தால் மறுநாள் முதுகு பிடிக்கிறது, விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை. ஜிம்மில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. டெட்லிஃப்டில் (தரையில் இருக்கும் எடைக் கம்பியைப் பிடித்து நிமிரும் பயிற்சி) 20 கிலோ கம்பியின் இரண்டு பக்கமும் 10 கிலோ சின்ன பிளேட் போட்டுத் தூக்குகிறேன். மறுநாள் கீழ்முதுகு இறுகிப் பிடித்துக்கொள்கிறது, இரண்டு நாளில் சரியாகிவிடுகிறது. வலி காலுக்கு இறங்குவதில்லை. வேறு நோய் எதுவும் இல்லை. டிரெய்னர் "எடையைக் கூட்டுங்க, பழகிடும்" என்கிறார். வீட்டில் "டிஸ்க் போயிடும், விட்டுடு" என்கிறார்கள். எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் முட்டி கால்விரலைத் தாண்டவே கூடாதாமே? எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட் வாங்கலாமா?

பதில்: விட வேண்டாம். எடையைக் கூட்டவும் வேண்டாம். கம்பி இருக்கும் உயரத்தை மாற்றிப் பாருங்கள். சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் பயத்தை ஒதுக்கிவிடலாம். பயிற்சிக்கு மறுநாள் தொடங்கி இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கும் இறுக்கம் பெரும்பாலும் தசை வலிதான். டிஸ்க் நரம்பை அழுத்தும் வலி வேறு மாதிரி: புட்டத்திலிருந்து காலுக்கு இறங்கும், மரத்துப்போகும், தும்மினால் சுரீர் என்று இழுக்கும். அப்படி எதுவும் நீங்கள் சொல்லவில்லை. ஆனால் பின்தொடையும் புட்டமும் வலிப்பதாகவும் நீங்கள் எழுதவில்லையே! டெட்லிஃப்டில் பெரிய வேலை அந்த இரண்டுக்கும்தான். அவை சும்மா இருக்க, கீழ்முதுகு மட்டும் புகார் சொல்கிறது என்றால், இடுப்பு மூட்டில் மடங்காமல் முதுகில் வளைந்து தூக்குகிறீர்கள் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

இப்போது அந்த 10 கிலோ பிளேட்டுக்கு வருவோம். முழு அளவு பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதைப் போட்டால் கம்பி தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் கம்பி பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கும். சின்ன பிளேட் போட்டால் அது இன்னும் கீழே இறங்கிவிடுகிறது. எடை குறைவுதான், ஆனால் குனிய வேண்டிய ஆழம் அதிகம். ஏற்கெனவே இடுப்பு இறுகிப்போன ஒருவர் அந்தக் கடைசிச் சில சென்டிமீட்டரை முதுகை வளைத்துத்தான் ஈடுகட்டுவார். புதிதாக வருகிறவர்களுக்கு இப்படி ஆவது சகஜம். யாரும் இதைக் கவனிப்பதில்லை என்பதுதான் எரிச்சல்.

ஆகவே, கம்பியின் இரு முனைகளின் கீழும் வேறு பிளேட்டுகளை அடுக்கி உயர்த்துங்கள். கம்பியைத் தாங்கும் ரேக்கில் வைத்தாலும் சரி. முதலில் முட்டிக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், பழகப் பழக இறக்கிக்கொள்ளலாம்.

எவ்வளவு இறக்குவது என்பதை ஒரு துடைப்பக் கழியை வைத்தே கண்டுபிடிக்கலாம். கழியை முதுகோடு நெடுக்காகப் பிடியுங்கள். தலையின் பின்பக்கம், தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் அது தொட வேண்டும். கீழ்முதுகில் உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி இருப்பது இயல்பு. சுவருக்கு முதுகைக் காட்டி ஓரடி தள்ளி நின்று, முட்டியை லேசாகத் தளர்த்தி, புட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடப் பாருங்கள். குனிய வேண்டும் என்று நினைக்காதீர்கள். புட்டம் பின்னால் போனால் மேல் உடம்பு தானாகச் சாயும், பின்தொடை இழுபடும். கழி எந்த இடத்திலாவது விலகினால் அங்கேயே நிறுத்துங்கள். இன்றைக்கு உங்கள் ஆழம் அவ்வளவுதான். தினமும் இரண்டு மூன்று நிமிடம் செய்தால் போதும், ஜிம்முக்குப் போகாத நாளிலும்.

கம்பியோடு செய்யும்போது அது பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே, கெண்டைக்காலின் முன் எலும்பை ஒட்டியபடி இருக்கட்டும். உடம்பை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்கு அதே எடை கீழ்முதுகில் கூடுதலாக ஏறும். தூக்குவதற்கு முன் வயிறு வரை மூச்சை இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருவதுபோல் இறுக்கிக்கொள்ளுங்கள். நிமிர்ந்த பிறகு விடுங்கள். இது உங்களுக்குச் சரி. ரத்த அழுத்தம், குடலிறக்கம், விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்கள் இப்படி மூச்சை அடக்கக் கூடாது. அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும்.

டிரெய்னர் சொல்லும் 'பழகிடும்' பாதி உண்மை. முதல் சில வாரங்களில் பலம் வேகமாக ஏறும். காரணம், தசை பெருத்துவிட்டது என்பதைவிட, இருக்கிற தசையை ஒன்றுசேர்த்து வேலை வாங்க மூளையும் நரம்பும் கற்றுக்கொண்டதுதான். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டா. தூக்க முடிகிறது என்பதற்காகத் தூக்கிவிட்டு அடிபட்டு வருபவர்கள் நிறைய. ஒவ்வொருவரின் தொடை நீளமும் இடுப்புக் குழியின் அமைப்பும் வேறு. அதனால்தான் வீடியோக்களில் ஆளுக்கொரு நிலை சொல்கிறார்கள். முதுகு துளி வளைந்தாலே டிஸ்க் போய்விடும் என்பதும் இல்லை. உடம்பு தயாராகும் முன் எடை ஏறுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

இப்போதைக்கு 30 கிலோவுக்கு இறங்குங்கள். ஒரு செட்டுக்கு ஆறு முதல் எட்டு முறை. இன்னும் இரண்டு மூன்று தூக்கலாம் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். போனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் வைத்துப் பதிவு செய்யுங்கள். கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தால் கழுத்து திருகும், வேண்டாம். பதிவில் முதல் முறை தூக்குவதையும் கடைசி முறை தூக்குவதையும் மட்டும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அடுத்த வாரம் பக்கத்துக்கு 1.25 கிலோ ஏற்றலாம். கடைசியில் முதுகு கூன் விழுந்தால் அதே எடையில் இருங்கள். டிரெய்னரிடமும் "பக்கவாட்டில் நின்று என் கீழ்முதுகைப் பாருங்க" என்று சொல்லுங்கள். பலர் முன்னால் நின்று எண்ணிக்கை மட்டும் சொல்வார்கள்.

வலி முட்டிக்குக் கீழே இறங்கினாலோ, பாதம் பலமிழந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். தொடைகளுக்கு நடுவே உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஸ்குவாட்டில் முட்டி விஷயம்: கால்விரலைத் தாண்டலாம். படி இறங்கும்போது தாண்டத்தான் செய்கிறது. வலுக்கட்டாயமாகத் தடுத்தால் உடம்பு அதிகமாக முன்னால் சாய்ந்து, சுமை இடுப்புக்கும் முதுகுக்கும் போகும், உங்களுக்கு அது ஆகாது. குதிகால் தரையை விட்டு எழுகிறதா, முட்டி உள்பக்கமாக மடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெல்ட் இப்போது வேண்டாம். அது முதுகெலும்பைத் தாங்கிப் பிடிப்பதில்லை. இறுக்கிய வயிறு எதிர்த்துத் தள்ள ஒரு பிடிமானம் தருகிறது, அவ்வளவுதான். வயிற்றை இறுக்கவே இன்னும் பழகாதவருக்கு அதில் பெரிய பயன் இல்லை. எடை நன்றாக ஏறிய பிறகு கேளுங்கள், சொல்கிறேன்.